கழித்தல் கணக்கா? படம் போட்டுச் சொல்லிக் கொடுங்கள்!

"ரெண்டும் மூணும் எத்தனைடா கண்ணா?" என்று கேட்டால், விரலை மடக்கி "அஞ்சு" என்று டக்கென்று சொல்லிவிடும் குழந்தை. அதே குழந்தையிடம் "அஞ்சுலே ரெண்டு போனா மீதி எத்தனை?" என்று கேட்டுப் பாருங்கள். திருதிருவென்று முழிக்கும். சில குழந்தைகள் "ஏழு" என்று சொல்லிவிட்டு நம் முகத்தைப் பார்க்கும். இன்னும் சில, "எனக்குத் தூக்கம் வருதும்மா" என்று நழுவப் பார்க்கும்.

கூட்டல் சுலபமாக வருகிற குழந்தைக்குக் கழித்தல் மட்டும் ஏன் கசக்கிறது? இரண்டு காரணங்கள் உண்டு.

ஒன்று, கூட்டல் என்பது எண்ணுகிற திசையிலேயே போவது. படியேறுகிற மாதிரி ஒன்று, இரண்டு, மூன்று என்று போய்க்கொண்டே இருக்கலாம். கழித்தலில் பின்பக்கமாக இறங்க வேண்டும். ஏறத் தெரிந்த குழந்தைக்கெல்லாம் இறங்கத் தெரிந்துவிடாது. மாடிப்படியில் நாம் பார்க்காததா?

இரண்டாவது காரணம்தான் முக்கியமானது. கூட்டலில் எல்லாப் பொருளும் கண்ணெதிரே இருக்கும். கழித்தலில் போனது போய்விடும், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் முதலில் இருந்தது எத்தனை, போனது எத்தனை, மிஞ்சியது எத்தனை என்று மூன்று விஷயத்தையும் குழந்தை ஒரே நேரத்தில் மனசில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஐந்து வயசுக் குழந்தைக்கு இது பெரிய சுமை. படம் செய்கிற உபகாரம் இங்கேதான். போனதையும் அது காட்டும், இருப்பதையும் காட்டும். மூன்றையும் ஒரே தாளில், ஒரே பார்வையில் குழந்தை பார்த்துவிடலாம்.

இது என்ன பெரிய விஷயம், பள்ளிக்கூடத்தில் சொல்லித் தர மாட்டார்களா என்று நினைக்கிறீர்களா? 'அசர்' என்று ஒரு கணக்கெடுப்பு உண்டு. 'பிரதம்' என்ற தொண்டு நிறுவனம் 2005லிருந்து கிராமங்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் படிப்பைச் சோதித்து வெளியிடுவது. 2024ல் நாடு முழுவதும் எடுத்ததில், மூன்றாம் வகுப்புக் குழந்தைகளில் இரண்டு இலக்கக் கழித்தலைச் சரியாகப் போட்டவர்கள் நூற்றுக்கு 34 பேர்கூட இல்லை. அப்படியானால் மீதிக் குழந்தைகள்? அவர்களும் கெட்டிக்காரக் குழந்தைகள்தாம். ஆனால் ஏழு, எட்டு வயசிலேயே "எனக்குக் கணக்கு வராது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நாமும் "அது என்னை மாதிரி, கணக்கிலே மக்கு" என்று நாலு பேர் முன்னால் சொல்லி முத்திரை குத்திவிடுகிறோம். அந்த முத்திரை சாமானியமாக அழிவதில்லை.

அதனால்தான், பள்ளிக்கூடம் பாதி, வீடு பாதி என்று நாமும் கொஞ்சம் கை கொடுக்க வேண்டும் என்கிறேன். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். நானும் பள்ளிப் படிப்போடு நின்றவள்தான். சாயங்காலத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் வந்து உட்காரும் தெருப் பிள்ளைகளோடு பழகிப் பழகிக் கண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பொருள், பிறகு படம், கடைசியில் எண்

எடுத்த எடுப்பிலேயே ஸ்லேட்டில் 5 - 2 என்று எழுதிவிடாதீர்கள். ஐந்து என்கிற எழுத்தும் அந்தச் சின்னக் கோடும் குழந்தைக்கு வெறும் கிறுக்கல்தான். கழித்தல் குறி அச்சுப் புத்தகத்தில் முதன்முதல் வந்ததே 1489ல்தான் என்கிறார்கள். ஜெர்மனியில் யோஹானஸ் விட்மன் என்பவர் எழுதிய கணக்குப் புத்தகத்தில் அது இருக்கிறது. அதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன்பிருந்தே ஜனங்கள் அந்தக் குறி இல்லாமலே கழித்துக்கொண்டிருந்தார்கள். நம் குழந்தைக்கு நாலு மாசம் தாமதமாக அந்தக் கோடு அறிமுகமானால் ஒன்றும் குடி முழுகிவிடாது.

ஜெரோம் புரூனர் என்ற அமெரிக்க மனோதத்துவ நிபுணர் 1960களில் இதை அழகாகப் பிரித்துச் சொன்னார். முதலில் கையால் செய்து அறிவது, அடுத்து படமாகப் பார்த்து அறிவது, அதற்குப் பிறகே குறியீடாக அறிவது. 1939ல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி வகுப்பு நடத்திய இத்தாலிய டாக்டர் மரியா மாண்டிசோரியின் முறையிலும், குழந்தைகள் கையால் தொட்டு எண்ணுவதற்கு மணிகளும் குச்சிகளும்தான் முதலில் வரும்.

நமக்கு மணியும் வேண்டாம், விலைக்கு வாங்கும் சாமானும் வேண்டாம். புளி ஆய்ந்தால் வருகிற புளியங்கொட்டையைக் கழுவிக் காய வைத்து ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள். சோழி, சட்டைப் பொத்தான், தென்னை ஈர்க்குச்சி, எல்லாம் உதவும்.

ஒரே ஓர் எச்சரிக்கை. வீட்டில் மூன்று வயதுக்குக் கீழே கைக்குழந்தை, தவழும் குழந்தை இருந்தால் இந்தக் கொட்டைகள் அதன் கைக்கு எட்டக் கூடாது. வாயில் போட்டால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும். மூக்கிலும் காதிலும் போட்டுக்கொண்டு டாக்டரிடம் ஓட வைத்த குழந்தைகளும் உண்டு. குன்றிமணியும் ஆமணக்கு விதையும் பார்க்க அழகாக இருந்தாலும் விஷமுள்ளவை. அவற்றை எந்த வயசுக் குழந்தைக்கும் விளையாடத் தர வேண்டாம்.

பலகாரத் தட்டில் ஆரம்பியுங்கள்

முதல் பாடத்துக்குத் தட்டு, பலகாரம் இரண்டும் போதும். தட்டில் ஐந்து தேன்குழல் துண்டுகளை வையுங்கள். "எத்தனை இருக்கு?" எண்ணட்டும். "ரெண்டைச் சாப்பிடு." சாப்பிடட்டும். "இப்ப எத்தனை?" மறுபடி எண்ணட்டும். இந்தக் கணக்கைத் தப்பாகப் போட்ட குழந்தையை நான் பார்த்ததில்லை!

நாலு குழி இட்லித் தட்டும் நல்ல கருவி. ஒரு குழியிலிருந்து இட்லியை எடுத்தால் அந்தக் குழி காலியாகத் தெரியும். போனது எத்தனை என்பதற்கு அந்தக் காலிக் குழியே சாட்சி. முட்டை வாங்குகிற வீடானால் முப்பது முட்டை வைக்கும் அட்டைத் தட்டைத் தூக்கிப் போடாதீர்கள். வரிசைக்கு ஐந்து குழியாக இரண்டு வரிசை வெட்டி எடுத்தால் பத்துக் குழி. ஒரு தட்டில் மூன்று பத்துகள் கிடைக்கும். பத்துக் குழியிலும் புளியங்கொட்டையைப் போட்டுவிட்டு நாலை எடுங்கள். மேல் வரிசை ஐந்தும் நிறைந்து, கீழ் வரிசையில் ஒன்று நிற்கும். ஐந்தும் ஒன்றும் ஆறு என்று குழந்தை எண்ணாமலே பார்த்துச் சொல்லப் பழகிவிடும். பிறகு இதையே பத்துக் கட்டமாக ஸ்லேட்டில் வரையலாம்.

ஒரு வாரம், பத்து நாள் இப்படி விளையாடிய பிறகு படத்துக்கு வாருங்கள்.

படம் போட ஓவியம் தெரிய வேண்டுமா?

வேண்டவே வேண்டாம். வட்டம் போடத் தெரிந்தால் போதும். வட்டத்துக்கு ஒரு காம்பு வைத்தால் மாம்பழம், நூல் வைத்தால் பலூன், வால் வைத்தால் எலி. ரொம்ப அழகாகப் படம் போட்டால் குழந்தையின் கவனம் கணக்கை விட்டு எலியின் மீசைக்குப் போய்விடும்.

ஐந்து மாம்பழத்தை ஒரே வரிசையில் வரையுங்கள். "அணில் வந்து ரெண்டைக் கடிச்சுட்டுப் போயிடுச்சு" என்று சொல்லி, வலதுகோடியிலிருந்து இரண்டை அடிக்கச் சொல்லுங்கள். அழிக்க வேண்டாம், அடித்தால் போதும். அழித்துவிட்டால் முதலில் ஐந்து இருந்ததற்கு அடையாளமே இல்லாமல் போய்விடும். கோடு போட்டு அடித்தால், அடித்தது இரண்டு, அடிக்காதது மூன்று, மொத்தம் ஐந்து என்று எல்லாமே கண்ணுக்குத் தெரியும்.

இங்கே ஒரு சிக்கல் வரும். அடித்த மாம்பழத்தையும் சேர்த்து எண்ணிவிட்டு, குழந்தை மறுபடி "அஞ்சு" என்று சொல்லும். கோபப்படாதீர்கள், அதன் கண்ணுக்கு அதுவும் மாம்பழம்தானே! அடித்த பழங்களை உள்ளங்கையால் மூடிக்கொண்டு எண்ணச் சொல்லுங்கள். அல்லது மிஞ்சிய பழங்களைச் சுற்றி ஒரு கூடை வரையச் சொல்லுங்கள். "கூடைக்குள்ளே எத்தனை?" என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரே வரிசையில், ஒரே கோடியிலிருந்து அடிப்பதும் இதற்காகத்தான். அங்கொன்று இங்கொன்றாக அடித்தால் எண்ணும்போது தடுமாறும்.

புத்தகங்களில், கிளையில் மூன்று பறவை உட்கார்ந்திருக்க, இரண்டு பறக்கிற மாதிரி படம் இருக்கும். நமக்கு அது 5 - 2. குழந்தைக்கு? அந்த இரண்டும் பறந்து போகின்றனவா, பறந்து வருகின்றனவா என்று எப்படித் தெரியும்? அசையாத படத்தில் 'போவது' தெரியாது. எனவே அந்த மாதிரிப் படத்தைக் காட்டும்போது கதையையும் சொல்ல வேண்டும். வீட்டிலேயே செய்வதானால், ஒரு நீளத் தாளில் ஐந்து பறவை வரைந்து, ஓரத்துத் தாளைப் பின்பக்கம் மடித்துவிடுங்கள். இரண்டு மறையும். பிரித்தால் திரும்ப வரும். மடித்து மடித்துப் பிரித்து ஒரு மணி நேரம்கூட விளையாடுவார்கள்.

கழித்தலுக்கு மூன்று கதை

பெரும்பாலான வீடுகளில் கழித்தல் என்றால் "எடுத்துவிடுவது" என்று மட்டும்தான் சொல்லித் தருகிறோம். பெரிய வகுப்புக்குப் போனதும் குழந்தைகள் திணறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். உண்மையில் கழித்தலுக்குள்ளே மூன்று விதமான கதைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் படம் வேறு.

முதல் கதை, போனது போக மீதி. ஏழு பலூனில் மூன்று வெடித்துவிட்டது, மீதி எத்தனை? இதற்கு, மேலே சொன்னபடி அடிக்கிற படம்.

இரண்டாவது கதை, இதைவிட அது எவ்வளவு கூட? ஏழு குழந்தைகள் இருக்கிறார்கள், நாலு நாற்காலிதான் இருக்கிறது. இங்கே யாரும் எதையும் எடுக்கவில்லை. அடிக்கச் சொன்னால் குழந்தை எதை அடிக்கும்? இதற்கு, மேல் வரிசையில் ஏழு தலை, கீழ் வரிசையில் நாலு நாற்காலி வரைந்து, தலைக்கும் நாற்காலிக்கும் கோடு இழுத்து ஜோடி சேர்க்க வேண்டும். ஜோடி கிடைக்காமல் நிற்பது மூன்று.

இந்தக் கதையில் நாம் கேட்கிற வார்த்தையும் முக்கியம். டாம் ஹட்சன் என்ற ஆராய்ச்சியாளர் 1983ல் அமெரிக்காவில் ஓர் ஆய்வு வெளியிட்டார். பறவைகளும் புழுக்களும் உள்ள படத்தைக் காட்டி, "புழுக்களைவிடப் பறவைகள் எத்தனை அதிகம்?" என்று சின்னக் குழந்தைகளைக் கேட்டபோது பெரும்பாலோர் தடுமாறினார்கள். அதே படத்தைக் காட்டி, "ஆளுக்கொரு புழுவைப் பிடிக்கப் பறவைகள் ஓடினால், எத்தனை பறவைக்குப் புழு கிடைக்காது?" என்று கேட்டதும் பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிட்டார்கள். பாருங்கள், குழந்தைக்குக் கணக்கு தெரியும், நம் கேள்விதான் புரியவில்லை! ஆகவே முதலில் "எத்தனை பேருக்கு நாற்காலி கிடைக்கலே?" என்று கேளுங்கள். அது நன்றாகப் பழகிய பிறகு "எத்தனை பேர் அதிகம்?" என்ற வார்த்தைக்கு வரலாம்.

மூன்றாவது கதை, இன்னும் எத்தனை வேணும்? எட்டுப் பேருக்குத் தட்டு வைக்க வேண்டும், ஐந்து வைத்தாயிற்று. இன்னும்? இதற்கு எட்டுக் கட்டம் வரைந்து ஐந்தில் வண்ணம் தீட்டச் சொல்லுங்கள். காலியாக நிற்கிற கட்டம்தான் விடை. சட்டையில் ஆறு பொத்தானுக்கு இடம், நாலுதான் இருக்கிறது என்றால் அதுவும் இதே கதை.

இந்த மூன்றாவது கதைக்கு ஒரு நல்ல விளையாட்டு உண்டு. ஆறு புளியங்கொட்டையை எண்ணிக் காட்டிவிட்டு, குழந்தை கண்ணை மூடிக்கொள்ளும்போது சிலதைக் கொட்டாங்கச்சியால் மூடிவிடுங்கள். வெளியே நாலு தெரிகிறது. "உள்ளே எத்தனை?" சொன்னதும் கொட்டாங்கச்சியைத் தூக்கிக் காட்டுங்கள். சரியாகச் சொல்லியிருந்தால் அதற்கு வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே! பிறகு குழந்தை மூடட்டும், நீங்கள் சொல்லுங்கள்.

ஒரு மாசம் போனால் மூன்று கதையும் கலந்து வரட்டும். அப்போது குழந்தையையே கதை கட்டச் சொல்ல வேண்டும். "ஒன்பதிலே நாலு கழிக்கிற மாதிரி ஒரு கதை சொல்லு, படம் போடு" என்றால் போதும். கதை சொல்லத் தெரிந்துவிட்டால் கழித்தல் புரிந்துவிட்டது என்று அர்த்தம்.

தயவுசெய்து "மீதி என்று வந்தால் கழி, அதிகம் என்று வந்தால் கூட்டு" என்று குறுக்கு வழி மட்டும் கற்றுத் தராதீர்கள். "அண்ணனிடம் 8 கோலி. அது தம்பியிடம் இருப்பதைவிட 3 அதிகம். தம்பியிடம் எத்தனை?" இதில் 'அதிகம்' என்று இருக்கிறது, ஆனால் கழிக்க வேண்டும். படம் போட்டுப் பார்க்கிற குழந்தை 5 என்று சொல்லும். வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிற குழந்தை 11 என்று எழுதிவிட்டு வரும்.

காலித் தட்டும் ஒரு விடைதான்

ஐந்திலிருந்து ஐந்து போனால்? "ஒண்ணுமில்லே" என்று குழந்தை சொல்லும். அந்த "ஒண்ணுமில்லே"க்குத்தான் பூஜ்யம் என்று பேர் என்று சொல்லிக் கொடுங்கள். ஐந்து பழத்தையும் அடித்த கூடையைக் காட்டுங்கள். ஐந்திலிருந்து பூஜ்யம் போனால்? அணில் வந்தது, ஒன்றும் கடிக்காமல் போய்விட்டது! ஒன்றையும் அடிக்க வேண்டாம், ஐந்தும் அப்படியே இருக்கும். பெரிய வகுப்பில் பூஜ்யத்தைக் கண்டு பல குழந்தைகள் மிரள்வதற்கு, சின்ன வயசில் இந்தக் காலித் தட்டைப் பார்க்காததும் ஒரு காரணம்.

பின்னால் தாவும் தவளை

பத்துக்குள் நன்றாக வந்துவிட்டதா? இப்போது தரையில் சாக்கட்டியால் பாண்டிக் கட்டம் மாதிரி ஒரே வரிசையில் கட்டங்கள் போட்டு 0 முதல் 10 வரை எழுதுங்கள். குழந்தைதான் தவளை. 8ல் நின்று மூன்று தாவல் பின்னால் தாவட்டும். 5ல் போய் நிற்கும். பிறகு அதையே தாளில் சின்னதாகப் போட்டு விரலால் தாவலாம்.

இதில் எல்லாக் குழந்தையும் ஒரு தடவை ஏமாறும். நிற்கிற எட்டாம் கட்டத்தையே ஒன்று என்று எண்ணி, "எட்டு, ஏழு, ஆறு" என்று 6ல் நின்றுவிடும். அப்போது, "தாயம் ஆடும்போது காய் நிற்கிற கட்டத்தை எண்ணுவோமா?" என்று கேளுங்கள். உடனே புரிந்துகொள்ளும். எண்ண வேண்டியது கட்டத்தை இல்லை, தாவலை.

வாசலிலேயே ஒரு கழித்தல் படம்

நம் வீட்டு வாசலில் தினமும் போடுகிற கோலத்தைவிட நல்ல கழித்தல் படம் வேறு எது? நேர்ப்புள்ளியில் 'ஏழு புள்ளி, ஒன்று வரை' என்கிறோம். நடு வரிசையில் 7, அடுத்து 5, அப்புறம் 3, கடைசியில் 1. இந்தக் கோடியில் ஒன்று, அந்தக் கோடியில் ஒன்று என்று வரிசைக்கு இரண்டு புள்ளி குறைகிறது. இடுக்குப்புள்ளியில் 'ஏழு புள்ளி, நாலு வரை' என்றால் 7, 6, 5, 4. ஒவ்வொன்றாகக் குறைகிறது. ஏழு புள்ளிக்கு நடுவே ஆறு இடுக்குதானே இருக்கும்!

புள்ளி வைக்கும்போது குழந்தையைப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொண்டு, "இந்த வரிசையிலே ஏழு. அடுத்ததிலே எத்தனை வைக்கணும்?" என்று கேளுங்கள். பெண் குழந்தையோ ஆண் குழந்தையோ, இருவரையும் கேளுங்கள். மழை நாளில் இதையே நோட்டுப் புத்தகத்தில் போடலாம்.

கடன் வாங்குகிற கணக்கு

இரண்டாம் வகுப்பு, மூன்றாம் வகுப்பில் வருகிற பெரிய மலை இதுதான். எங்கள் தெருவில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி. படு சூட்டிகை. ஒருநாள் 42லிருந்து 17 கழிக்கிற கணக்கில் 35 என்று எழுதி, நோட்டு முழுக்கச் சிவப்புக் கோடுடன் அழுதுகொண்டு வந்தாள். "ரெண்டுலே ஏழு போகாது அத்தை. அதனாலே ஏழுலே ரெண்டைக் கழிச்சேன். நாலுலே ஒண்ணு போனா மூணு. தப்பா?" என்றாள்.

யோசித்துப் பாருங்கள். அந்தக் குழந்தை சோம்பேறித்தனமாகப் போடவில்லை. பெரியதிலிருந்து சின்னதைத்தான் கழிக்க வேண்டும் என்று யாரோ சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்திருக்கிறாள். "பக்கத்திலே கடன் வாங்கணும்னு டீச்சர் சொன்னாங்க. ஆனா கடனை எப்ப அத்தை திருப்பித் தரணும்?" என்று வேறு கேட்டாள். நியாயமான கேள்விதானே? கடன் என்றால் திருப்பித் தரத்தான் வேண்டும். இந்தக் கணக்கில் யாரும் திருப்பித் தருவதில்லை. உண்மையில் இது கடனே இல்லை, சில்லறை மாற்றுவது. பத்து ரூபாய் நோட்டைக் கொடுத்துப் பத்து ஒரு ரூபாய் நாணயமாக மாற்றிக்கொள்கிற மாதிரி.

அவளிடம் ஈர்க்குச்சிக் கட்டுகளைக் கொடுத்தேன். ஒரே அளவாக உடைத்த குச்சிகளைப் பத்துப் பத்தாக ரப்பர் வளையம் போட்டுக் கட்டியவை. 42 என்றால் நாலு கட்டு, இரண்டு உதிரிக் குச்சி. "இதிலிருந்து எனக்குப் பதினேழு குச்சி கொடு" என்றேன். ஒரு கட்டைக் கொடுத்துவிட்டாள். இன்னும் ஏழு வேண்டும், கையில் இரண்டு உதிரிதான். சற்று நேரம் பார்த்தாள். யாரும் சொல்லாமலே ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றினாள். இப்போது பன்னிரண்டு உதிரி. ஏழைக் கொடுத்தாள், ஐந்து மிச்சம். கட்டில் இரண்டு மிச்சம். "இருபத்தஞ்சு!" என்றாள். முகம் மலர்ந்துவிட்டது.

மறுநாள் குச்சியை எடுத்து வைத்துவிட்டுப் படம். கட்டுக்கு ஒரு நீளக் கோடு, உதிரிக்கு ஒரு புள்ளி, அவ்வளவுதான். 42க்கு நாலு கோடு, இரண்டு புள்ளி. ஒரு கோட்டை அடித்துவிட்டு அதற்குப் பதிலாகப் பத்துப் புள்ளி வைக்க வேண்டும். மூன்று கோடு, பன்னிரண்டு புள்ளி. அதில் ஏழு புள்ளியையும் ஒரு கோட்டையும் அடித்தால், நிற்பது இரண்டு கோடு, ஐந்து புள்ளி. இந்தப் படத்தின் பக்கத்திலேயே எண் கணக்கையும் போடச் சொல்லுங்கள். நாலை அடித்து மூன்று என்று எழுதுவது எந்தக் கோட்டை உடைத்ததற்கு, இரண்டைப் பன்னிரண்டாக்குவது எந்தப் புள்ளிகளைச் சேர்த்ததற்கு என்று அதற்கே விளங்கிவிடும்.

அப்புறம் 40லிருந்து 16 மாதிரி பூஜ்யம் உள்ள கணக்கு கொடுங்கள். நாலு கோடு, புள்ளியே கிடையாது. ஒரு கட்டை உடைத்தால் பத்துப் புள்ளி. விடை 24.

முடித்ததும் சரிபார்க்கவும் சொல்லிக் கொடுங்கள். மீதியையும் போனதையும் கூட்டினால் பழையபடி முதல் எண் வர வேண்டும். 25ம் 17ம் 42. கழித்தலும் கூட்டலும் ஒரே கதவின் இரண்டு பக்கம் என்று குழந்தைக்குத் தெரிந்துவிட்டால் பாதிப் பயம் போய்விடும்.

பள்ளிக்கூடத்தோடு மோதல் வேண்டாம்

"எங்க டீச்சர் இப்படிச் சொல்லித் தரலே" என்று குழந்தை சொன்னால், "டீச்சர் சொன்னதுதான் இது, நாம படமாப் பார்க்கிறோம்" என்று சொல்லுங்கள். ஆசிரியையைக் குழந்தை முன்னால் குறைவாகப் பேச வேண்டாம். சொல்லப்போனால் பள்ளிக்கூடங்களும் இந்த வழிக்கு வந்துவிட்டன. கொரோனா காலத்தில் விட்டுப்போன படிப்பை ஈடுகட்டுவதற்காகத் தமிழக அரசு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' திட்டத்தைக் கொண்டு வந்தது. முதலில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை என்று ஆரம்பித்து, அரும்பு, மொட்டு, மலர் என்று குழந்தையின் நிலைக்குத் தகுந்தபடி பிரித்து, பாட்டு, விளையாட்டு, செயல் வழியாகச் சொல்லிக் கொடுக்கிற திட்டம். ஆனால் ஒரு வகுப்பில் எத்தனையோ குழந்தைகள். உங்கள் மடியில் ஒன்றுதானே! ஒன்றோடு ஒன்றாக உட்கார்ந்து சொல்லித் தருவதற்கு ஈடு கிடையாது.

எந்த வயதில் எது?

இது ஒரு கைக்கணக்குத்தான். குழந்தைக்குக் குழந்தை முன்னே பின்னே இருக்கும்.

நாலு வயசில், ஐந்துக்குள் பொருளை எடுத்து, தின்று, ஒளித்து விளையாடினால் போதும். எழுதவே வேண்டாம்.

ஐந்து வயசில் பத்துக்குள் படம். அடிப்பது, ஜோடி சேர்ப்பது, காலிக் கட்டம் மூன்றும்.

ஆறு வயசில் படத்தின் கீழே எண்ணும் குறியும். தவளைத் தாவலும் இப்போதுதான்.

ஏழு வயசில் கட்டும் உதிரியும்.

நினைவில் வைக்கச் சில குறிப்புகள்

ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம், மிஞ்சினால் பதினைந்து. இரண்டு மணி நேரம் உட்கார வைத்தால் கணக்கின் மேல் வெறுப்புத்தான் வளரும்.

பசியோடு இருக்கும்போதும், தூங்கி வழியும்போதும் வேண்டாம். பள்ளிவிட்டு வந்து ஏதாவது சாப்பிட்டு, கொஞ்சம் ஓடியாடிய பிறகு நல்ல நேரம்.

விரலை எண்ணினால் அதட்டாதீர்கள். கடவுள் கொடுத்த பத்து விரலும் பத்துப் படம். தேவை தீர்ந்ததும் தானாகவே விட்டுவிடும்.

விடை தப்பானால் "தப்பு" என்று அடிப்பதற்கு முன் "எப்படிப் போட்டே, சொல்லு" என்று கேளுங்கள். எந்த இடத்தில் சறுக்கியது என்று அந்தப் பதிலிலேயே தெரிந்துவிடும்.

அக்காவோடும் எதிர்வீட்டுப் பையனோடும் ஒப்பிட வேண்டாம்.

படத்தைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். குழந்தையே ஒருநாள் "படம் வேண்டாம்மா, எனக்கே தெரியும்" என்று சொல்லும். அதுதான் நிறுத்த வேண்டிய நாள்.

இவ்வளவும் செய்தும், ஏழெட்டு வயசாகியும் பத்துக்குள் எண்ணுவதிலேயே தொடர்ந்து தடுமாறினாலோ, மூன்று பெரிதா ஏழு பெரிதா என்று புரியாமல் விழித்தாலோ, அடிப்பதிலும் திட்டுவதிலும் பிரயோஜனம் இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். கரும்பலகை சரியாகத் தெரியாததால் பின்தங்குகிற குழந்தைகள் உண்டு. அதில் குறை இல்லை என்றால் குழந்தை நல மருத்துவரிடம் கேளுங்கள். எழுத்துக்கு டிஸ்லெக்ஸியா என்பது போல, கணக்குக்கு டிஸ்கால்குலியா என்று ஒரு கற்றல் சிரமம் இருக்கிறது. இது புத்திக் குறைவு இல்லை. தகுந்த பயிற்சி கொடுத்தால் அந்தக் குழந்தைகளும் நன்றாக முன்னேறுகிறார்கள்.

இன்றைக்குச் சமையல் முடிந்ததும் ஒரு பழைய தாளையும் பென்சிலையும் எடுத்து வையுங்கள். ஐந்து வட்டம் போடுங்கள், ஐந்து காம்பு வையுங்கள். "அணில் வருதுடா செல்லம், எத்தனை பழம் கடிக்கப் போகுது, நீயே சொல்லு" என்று ஆரம்பியுங்கள். கடிக்கிற அணிலும் மிஞ்சுகிற பழமும் குழந்தையின் இஷ்டம். கழித்தல் கசக்கவே கசக்காது!